பென்சிலில் நின்ற சொல்

ஆர்டிஸின் மகள் மர்லிஸ் வீட்டை விட்டுப் போனது 1983இல், முதல் பனி விழுந்த சனிக்கிழமை. பெட்ரோல் பங்க் வாசலில் சியாட்டில் பஸ்சுக்காக நின்ற மகளிடம் ஆர்டிஸ், "வழிக்குக் கட்டிக் குடுத்த சாண்ட்விச்சுல கடுகு விழுது கொஞ்சம் தூக்கலாப் போச்சு" என்றாள். அவ்வளவுதான் வாயில் வந்தது. பஸ் கண்ணுக்கு மறைந்ததும் சீஸ் ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

விஸ்கான்சினின் அந்தச் சின்ன ஊரில், வியாழன்தோறும் சர்ச்சின் சமையல்கட்டில் ஆறேழு பெண்கள் கூடி ஒரு மொழி செய்துகொண்டிருந்தார்கள். தாங்கள் படுகிற பாட்டுக்கு இருக்கிற மொழியில் சொல் போதவில்லை என்பது அவர்கள் கட்சி. புதுச் சொல்லைச் சமையல் குறிப்பு அட்டையில் பென்சிலால் எழுதி வைப்பார்கள். கூட்டத்துக்கு வெளியே ஒரு பெண், யாரும் தூண்டாமல், தன் தேவைக்கு அதைச் சொன்னால்தான் மையால் எழுதுவார்கள். இல்லையென்றால் வசந்தத்தில் ரப்பர்.

அந்த வியாழன் ஆர்டிஸ் பஸ் கதையைச் சொன்னாள். "போகாதேன்னும் வாய் வரல, போன்னும் வரல. ரெண்டும் நெஞ்சுல முட்டுது. அதுக்கு 'லொமீனா'ன்னு வெச்சுக்கலாமா?"

"அதுக்குத்தான் கடுகு இருக்கேடி!" என்றாள் அட்டைப் பெட்டிக்குப் பொறுப்பான லுவெல்லா. எல்லோரும் சிரித்தார்கள். ஆர்டிஸும்தான்.

கிறிஸ்துமஸுக்கு மகள் போன் செய்தபோது அந்தப் புதுச் சொல்லையும் சொல்லிப் பார்த்தாள்.

"கிழவிங்கல்லாம் சேந்து மழலை பேசறீங்களா? சொல்ல வேண்டியத நேராச் சொல்லேம்மா."

"ஒண்ணுமில்ல. அங்க பனி எப்படி?"

"இங்க மழைதான்."

வசந்தம் வந்தது. லுவெல்லா ரப்பரை எடுத்தாள்.

"இன்னொரு வருஷம் விடேன்."

"உன் பொண்ணையே ஒரு தடவை சொல்ல வெச்சிடு. மை போட்டுடறேன்."

"சொல்ல வெச்சாச் செல்லாதுல்ல?"

"செல்லாதுதான்" என்று ஒப்புக்கொண்டாள் லுவெல்லா.

வருடாவருடம் இதே வழக்கு. கடைசியில் அலுத்துப்போய், "நீயே வெச்சு அழு!" என்று அட்டையை ஆர்டிஸின் கையிலேயே கொடுத்துவிட்டாள். அது ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்தின் கீழ், பென்சில் எழுத்து மங்கிக்கொண்டே கிடந்தது. மகளிடம் அந்தப் பேச்சை ஆர்டிஸ் மறுபடி எடுக்கவே இல்லை.

இருபது வருடத்துக்கும் மேலாயிற்று. ஒரு செப்டம்பர் மாலை அவள் கடைக்குப் போய்த் திரும்பியபோது, போன் பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு மினுக்கியது. கோட்டைக் கழற்றாமலே அழுத்தினாள்.

"அம்மா, நான்தான். டெஸ்ஸாவ காலேஜ்ல விட்டுட்டு இப்பதான் வர்றேன். பெத்த பொண்ணுகிட்ட கடைசியா என்ன பேசினேன் தெரியுமா? குடையப் பத்தி. வர்ற வழியெல்லாம் கார்ல ஒரே லொமீனா. அன்னிக்கு உனக்கும் இதுதானா? அந்தக் கடுகு சரியாத்தாம்மா இருந்துச்சு."