ஜனவரி ஒன்று காட்டிய கேமரா

அந்தக் கேமராவை முதலில் பார்த்தபோது அதில் ஃபிலிம் போடுவார்கள் என்றுதான் நினைத்தேன். கறுப்புத் தோல் போர்த்திய உடம்பு. தலையில் ஷட்டர் வேகத்துக்கு எண்கள் பொறித்த உலோகச் சக்கரம். லென்ஸைச் சுற்றி வெளிச்சத்துக்கு ஒரு வளையம், தூரத்துக்கு ஒரு வளையம். ஓரத்துச் சின்னச் சன்னல் வழியாகப் பார்த்தால் எதிரே நிற்பவரின் உருவம் நடுவில் மட்டும் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் படம் தெளிவாக விழும். இத்தனைக்கும் அது டிஜிட்டல் கேமரா. பின்பக்கம் திரையும் இருந்தது. சார் அதன்மேல் ஒரு கறுப்பு அட்டையை வெட்டி ஒட்டியிருந்தார்.

சார் ஒரு பத்திரிகையில் போட்டோகிராபராக இருந்து ஓய்வு பெற்றவர். பழவங்காடிக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார். நான் வஞ்சியூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். தமிழ் தெரிந்தவள் என்பதால், எஸ்டேட் தொழிலாளர்கள் சொல்வதைக் கேட்டு மலையாளத்தில் எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. பொன்முடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், லயம் என்று சொல்லும் வரிசை வீடுகள் இடிந்துகொண்டிருந்தன. மழைக்கு முன்னால் அவற்றைப் பழுது பார்க்க உத்தரவு கேட்டுத் தொழிலாளர்கள் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனுக் கொடுத்திருந்தார்கள். மனுவோடு வைக்கப் படம் வேண்டும் என்று வக்கீல் கேட்டதும் சார் மறுபேச்சில்லாமல் கிளம்பிவிட்டார், கூட நானும்.

விதுரா வரை பஸ், அதற்குமேல் ஜீப். லயத்தின் கடைசி வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். அவள் வீட்டுக்காரர் இடுப்பு ஒடிந்து படுக்கையில் இருந்தார். பின்சுவர் வயிறு தள்ளி நின்றது. மூங்கில் ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"கட்டில் எந்தப் பக்கம்மா?" என்று சார் கேட்டார்.

"இந்தச் செவுத்துப் பக்கந்தான் சாரே. வேற எங்க போட? நல்லா எடுங்க. மழைக்குத் தாங்காது."

அவளோடு பேசிக்கொண்டே சார் சக்கரத்தைக் கட்டைவிரலால் தள்ளினார். எத்தனை டிக் என்று விரலுக்கே தெரியும். கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. படம் சரியாக வந்திருக்கிறதா என்று திரையில் ஒரு தடவை பார்க்கச் சொன்னேன். "எதுக்கு? குனிஞ்சு அதைப் பாத்தா, நிமிரும்போது இவங்க மூஞ்சி மாறிப்போயிருக்கும், கேட்டியா" என்றார்.

படங்களை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றியது நான். அப்போதே பார்த்தேன். ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் ஏதோ ஒரு பழைய வருடத்தின் ஜனவரி ஒன்றாம் தேதி இருந்தது. சார் பல மாதம் பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்திருந்ததில் உள்ளேயிருந்த கடிகாரம் நின்று, மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். வெளியே இருந்த சக்கரத்திலும் வளையங்களிலும் தேதிக்கு என்று எதுவும் கிடையாது. தேதி வைக்கும் இடம் திரைக்குள் இருந்தது, திரை அட்டைக்குள் இருந்தது. வக்கீலிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மேஜையில் நாற்பது பக்க வாக்குமூலம் கிடந்தது. அன்று முதுகு விண்விண்ணென்று தெறித்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று பிரிண்ட் போட்டேன். மறுநாளும் சொல்லவில்லை.

விசாரணையில் எஸ்டேட் தரப்பு வக்கீல் படங்களின் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கினார். பார்த்துவிட்டு, இந்தத் தேதியில் இந்தக் கேமரா மாடலே விற்பனைக்கு வரவில்லையே என்று சிரித்தபடி சொன்னார். அதிகாரி படங்களை ஒதுக்கி வைத்து, புதிதாக எடுத்து வரச் சொல்லி இரண்டு மாதம் தள்ளிப் போட்டார். வராந்தாவில் எங்கள் வக்கீல் கத்தினார். "தெற்று என்னுடையதுதான்" என்று, தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, சார் மலையாளம் கலந்து மெதுவாகச் சொன்னார். நான் பைல்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அந்த இரண்டு மாதத் தவணைக்கு முன்னால் மழை வந்துவிட்டது. சுவர் ஒரு பகலில் விழுந்தது. கூரை ஒழுகுகிறது என்று வீட்டுக்காரரைக் காலையில்தான் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப் போயிருந்தார்கள், உயிர் தப்பியது. அந்த வாரமே அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு தென்காசிப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டாவது தடவை நாங்கள் போனபோது அந்த வீட்டில் சேறும் ஓடும்தான் கிடந்தன. சார் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "உன் போன்லயே எடும்மா. அதுல தேதி சரியா இருக்கும்" என்று சொல்லி, என் தலைக்குமேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வரிசை முழுக்க அப்படியே நடந்தோம். அவருடைய வலது தோள் முழுதும் நனைந்திருந்தது.

திரும்பும் பஸ்ஸில் சொல்லிவிட்டேன். "சார், அந்தத் தேதியை நான் முதல் நாளே பாத்தேன்."

அவர் சன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். நெடுமங்காடு தாண்டியபிறகுதான் பேசினார். "வக்கீல்ட்ட சொல்லாண்டாம். ஒரு தப்புக்கு ஒரு ஆள் போரும்." பிறகு பையைத் திறந்து, கேமராவின் அட்டையை நகத்தால் உரித்து, கேமராவை என்னிடம் நீட்டினார். அன்றைய தேதியை நான் வைத்துக் கொடுத்தேன். அவர் என்னை மன்னித்தாரா, சும்மா களைத்துப்போயிருந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போதும் கிழக்கே கோட்டை பஸ் ஸ்டாண்டில் நான் எதிரே வந்தால் பஸ் கிடைத்ததா என்றுதான் கேட்பார்.

உத்தரவு அடுத்த மழைக்கு முன்னால் வந்தது. குடியிருக்கும் வீடுகளை எஸ்டேட் பழுது பார்க்க வேண்டும் என்று இருந்தது. சொல்லவேண்டிய கடமையென்று அக்காவுக்குப் போன் செய்தேன். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டாள். யார் யார் வீடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அப்போ எங்க வீடு?"

"ஆள் இல்லாத வீடுன்னு விட்டுட்டாங்க அக்கா."

போனில் அந்தப் பக்கம் யாரோ இருமுவது கேட்டது.

"சாரு படம் எடுக்கையில நாங்க உள்ளதானே இருந்தோம்?" என்றாள்.

"ஆமா அக்கா" என்றேன்.