ஜிகினாத் தாளுக்குள் மோவா

சென்ற வாரம் கல்கத்தாவில் டாக்குரியா ஸ்டேஷனுக்கு வெளியே உள்ள மிட்டாய்க் கடையில் மோவா வாங்கப் போனேன். நெற்பொரியை ஈச்சவெல்லத்திலும் நெய்யிலும் பிசைந்து உருட்டி, தலையில் ஒரு திராட்சையை அழுத்தி விற்பார்களே, அதுதான். குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும். நாலைந்து நாளுக்கு மேல் தாங்காது. கடைக்காரர் பெட்டியில் அடுக்கிவிட்டு, “கிஃப்ட் பேக் கொரே தேபோ, தாதா?” என்றார். பரிசாகச் சுற்றித் தரட்டுமா அண்ணா என்கிறார். கையில் தங்க நிற ஜிகினாத் தாள்.

அந்தத் தாளைக் கண்டாலே எனக்குக் குமட்டும். உள்ளே இருப்பதை மறைப்பதற்கென்றே ஒரு தாளைச் செய்து, அதற்கு ரிப்பன் வேறு கட்டுகிற கூட்டத்தை என்னவென்று சொல்ல? நான் லேக் கார்டன்ஸில் இட்லி மாவு அரைத்து வீடு வீடாகக் கொடுப்பவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆனாலும் பொட்டலத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு.

சின்ன வயதில் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீடு குமரேசன் வீடு. சைக்கிளில் வரும் மோவாக்காரர் பழைய வங்காளிச் செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிற்றால் ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுப்பார். நான் தெருமுனையில் வரும்போதே வாசனை குமரேசனுக்கு எட்டிவிடும். முடிச்சைப் பல்லாலேயே கடித்து அவிழ்ப்பான். தாளின் மை மோவாவில் ஒட்டி, எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும். அவன் அதைக் கண்ணருகே பிடித்து, “டேய், ஹவ்ரா பாலம் ஆத்துல விழுந்துருச்சாம்டா!” என்று ஒரு செய்தி வாசித்துவிட்டு, அந்தச் செய்தியை அப்படியே விழுங்குவான்.

பிறகு அவன் படித்தான், நான் படிக்கவில்லை. அவன் சிங்கப்பூர் போய்விட்டான். சில வருடங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தில், “ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போடா” என்று டிக்கெட்டும் எடுத்து அனுப்பினான். நான் கொண்டு போனது ஒன்றே ஒன்று. மோவா. செய்தித்தாள், சணல் கயிறு, நானே போட்ட முடிச்சு.

விமானத்தைவிட்டு இறங்கும் வரிசையில் எல்லார் கையிலும் பளபளவென்று பைகள். என் பொட்டலத்தில் நெய் ஊறித் தாள் கறுத்திருந்தது. முன்னால் நின்றவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான். அந்த முகம் தெரியாத கனவானுக்காக நான் என் பொட்டலத்தைக் கண்டு வெட்கப்பட்டேன். வெளியே வரும் வழியில் பரிசுக் கடை ஒன்று. தமிழ் பேசும் பெண். தங்கள் கடையில் எதையாவது வாங்கினால்தான் சுற்றித் தருவார்களாம். கட்டைவிரல் உயரத்தில் ஒரு கரடி பொம்மை வாங்கினேன்.

“பர்த்டேவா அங்கிள், வெட்டிங்கா?”

“ஃப்ரெண்டு வீட்டுக்கு.”

“அப்ப ஹார்ட்டு போட்டது எடுத்துக்குங்க. ஸ்வீட்டா இருக்கும்.”

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தால் நான் ஏன் நானாக இருக்கிறேன்? செய்தித்தாளைக் குப்பையில் போட்டாள். மோவாக்களைப் பிளாஸ்டிக்கில் இறுக்கி, பெட்டியில் வைத்து, இதயம் போட்ட தங்கத் தாளைச் சுற்றி, ரிப்பனில் கரடியைத் தொங்கவிட்டாள். மூக்கை வைத்து முகர்ந்தேன். பசை வாடைதான் வந்தது.

வீட்டில் குமரேசன் இல்லை, ஆபீஸ் போயிருந்தான். அவன் மனைவி சுதா, “எதுக்குண்ணா இதெல்லாம்?” என்று வாங்கி அலமாரியில் வைத்தாள். அங்கே ஏற்கெனவே ஏழெட்டு ஜிகினாப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கொடுத்தவர் முன்னால் பிரிப்பது மரியாதையில்லையாம். பட்டினி கிடக்கும் மரியாதை! நாலு நாள் நான் அலமாரியைப் பார்ப்பதும், எச்சில் விழுங்குவதும், “அது கெட்டுப் போயிடும்மா” என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வதுமாக இருந்தேன். மனதுக்குள் நான் நன்றாகப் பேசுவேன்.

ஐந்தாம் நாள், குமரேசனோடு வேலை செய்பவரின் குழந்தைக்குப் பிறந்தநாள். என்னையும் கூட்டிப் போனார்கள். வாசலில் சுதா பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பெட்டியை வாங்கி, குமரேசன் அந்த வீட்டுக்காரரிடம் நீட்டினான். தங்கத் தாள், இதயங்கள், தொங்கும் கரடி. பிரித்துக்கூடப் பார்க்காமல் கைமாற்றிவிட்டார்கள். அவரும் பார்க்காமலே மேசைக்கடியில் இருந்த குவியலில் போட்டார். அவர் வீட்டு அலமாரி இன்னும் பெரியதாக இருக்கும். நான் கேக்கைத் தின்றுகொண்டு நின்றேன். என்னைவிட மட்டமான ஆள் அந்தக் கூடத்தில் இல்லை.

திரும்பும் நாள் ஏர்போர்ட்டில் குமரேசன் தோளில் கை போட்டுக்கொண்டான்.

“எல்லாஞ் சரிடா. கல்கத்தாலேர்ந்து வர்ற, அதுவும் குளிர்காலத்துல. ரெண்டு மோவா வாங்கிட்டு வரணும்னு தோணலையே உனக்கு? பெரிய மனுஷன் ஆயிட்ட.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கண் சிரிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் சுதா அவன் முகத்தில் எப்படி விழிப்பாள்?

“மறந்துட்டேன்டா,” என்றேன். அதற்குப் பிறகு அவன் அழைக்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

டாக்குரியா கடைக்காரரிடம், “ஜிகினா வேண்டாம், பழைய செய்தித்தாளில் கட்டிக் கொடுங்கள்” என்றேன். அவர் சிரித்தார். செய்தித்தாள் இப்போது யார் வாங்குகிறார்கள் தாதா என்றார். சணல் கயிறும் இல்லையாம். பெட்டியை அப்படியே வாங்கி வந்தேன்.

வீட்டில் ஒரு மோவாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட ஒட்டியிருக்கவில்லை.