ஏழு அக்காவின் கண்ணாடிக் குமிழ்

எங்கள் முலாம் பூசும் பட்டறையில் அவளுக்கு ஏழு அக்கா என்று பெயர் வைத்தவன் நான்தான். கிண்டலுக்கு வைத்த பெயர். இப்போது அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

பட்டறையின் அமிலக் கழிவுநீர் பின்புறத் தொட்டியில் வந்து சேரும். அதில் சுண்ணாம்பைக் கொட்டிக் கலக்குவது என் வேலை. அமிலம் முறிந்ததா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது அவள் வேலை. மூன்று, நான்கு என்று காட்டினால் இன்னும் புளிப்பு இருக்கிறது என்று அர்த்தம். ஏழு காட்டினால் நல்ல தண்ணீர். வால்வைத் திறந்து கால்வாயில் விடலாம். ஆறரைக்குக்கூட அவள் மசிய மாட்டாள். "இன்னும் ஒரு மூட்டை போடு, சுண்ணாம்பு" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. தாய் இல்லாமல் அவள் தூக்கி வளர்த்த தம்பி, கால்வாயின் கீழ்ப்பக்கம் மூன்று மீன்குட்டை வைத்திருக்கிறான். நாங்கள் திறந்துவிடும் தண்ணீர்தான் அவன் குட்டைக்குப் போகிறது.

மீட்டரோடு ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், பேனா பருமனில். எலக்ட்ரோட் என்பார்கள். அதன் நுனியில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு குமிழ், வெங்காயத் தோல்போல மெல்லிய கண்ணாடி. உள்ளே ஒரு திரவம். அதன் புளிப்பு எவ்வளவு என்பது தெரிந்த கணக்கு, சரியாக ஏழு. வெளியே இருக்கும் தண்ணீர் அதிலிருந்து எவ்வளவு மாறுபடுகிறதோ, அதற்குத் தக்கபடி அந்தத் தோலில் துளி மின்சாரம் பிறக்கும். மீட்டர் அதை எண்ணாக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

அவளுக்குச் சுத்தம் என்றால் பைத்தியம். குமிழை ஒற்றி எடுத்தால் போதும், தேய்க்கக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. அவளோ பித்தளைச் சாமான் துலக்குவதுபோல் துணி வைத்துத் தேய்ப்பாள். எந்த நாள் என்று தெரியாது, அதில் முடியைவிட மெல்லிய விரிசல் விழுந்துவிட்டது. விரிசல் விழுந்தால் உள்ளும் வெளியும் ஒன்றாகிவிடும். மாறுபாடு இல்லை, மின்சாரமும் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் வெளியிலும் ஏழுதான் என்று மீட்டர் எடுத்துக்கொள்ளும். எதில் முக்கினாலும் மீட்டர் ஏறக்குறைய ஏழையே காட்டும். பாழாய்ப்போன கண்ணாடி உடைந்த பிறகும் நல்ல சேதியாகவே சொல்லிக்கொண்டிருந்தது.

தினமும் காலையில் இரண்டு சோதனைக் கரைசலில் முக்கி மீட்டரைச் சரிபார்க்க வேண்டும். ஒன்று ஏழு, மற்றது நான்கு. நான்கு தீர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மேனேஜரிடம் இரண்டு முறை கேட்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏழில் முக்கினாள், ஏழு காட்டியது. அதுவே போதும் என்று விட்டுவிட்டாள்.

அந்த வாரம் எனக்கு அடித்தது யோகம். எட்டு மூட்டை கேட்கிறவள் இரண்டாவது மூட்டையிலேயே "ஏழு" என்றாள். இது சரியில்லை என்று என் தோளுக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

நான்காம் நாள் காலையில் தம்பி ஒரு பாட்டில் தண்ணீரோடு ஓடி வந்தான்.

"அக்கா, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. இதக் கொஞ்சம் பாரு. தண்ணி கெட்டிருந்தா இப்பவே கிணத்துத் தண்ணிய மாத்தி விட்டுடறேன். பம்பு தயாரா நிக்குது."

அவள் முக்கிப் பார்த்தாள்.

"ஆறு புள்ளி ஒம்பது. தண்ணில ஒண்ணுமில்லடா. தீனி அதிகமாப் போட்டிருப்ப. ரெண்டு நாள் பட்டினி போடு."

அவன் தெளிந்த முகத்தோடு திரும்பிப் போனான். மதியத்துக்குள் மூன்று குட்டையிலும் மீன்கள் வயிறு மேலாக மிதந்தன.

சேதி கேட்டதும் அவள் ஓடிப்போய் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கிண்ணத்தில் பிழிந்து எலக்ட்ரோடை முக்கினாள். ஆறு புள்ளி ஒன்பது. மறுபடியும் முக்கினாள். அதேதான். "எலுமிச்சைக்கு ஏழு காட்டுதுடா" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் தினமும் மீட்டர் எண்ணை எழுதிவைக்கும் நோட்டை மேனேஜர் தூக்கிக்கொண்டு வந்தார். "நாலு நாளும் ஏழுன்னுதான எழுதியிருக்க? நமக்கு இதுதான் சாட்சி. வாயத் தொறந்தா வேலை போயிடும், பாத்துக்க."

அவள் செருப்பைக்கூடப் போடாமல் குட்டைப் பக்கம் நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

தம்பி செத்த மீனைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தான். "நீ சொன்னதுதான்க்கா. தீனியாலதான். என் புத்தியத்தான் செருப்பால அடிக்கணும்."

"தீனி இல்லடா. எங்க தண்ணிதான். மீட்டர் ஒடஞ்சிருக்கு, நான் கவனிக்கல. காலைல நீ கேட்டப்பவும் கவனிக்கல."

அவன் கத்துவான், கையை ஓங்குவான் என்று பயந்து நான் குறுக்கே போய் நின்றேன். அவன் சாக்கைக் கீழே வைத்தான்.

"உங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி ஒரு வாய் எடுத்து நாக்குல வச்சுப் பாத்தேன்க்கா. புளிச்சுது." ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். "நீ ஆறு புள்ளி ஒம்பதுன்ன. சரி, நம்ம நாக்குலதான் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டுப் போயிட்டேன்."

அவள் அழக்கூட இல்லை. குட்டைக்குள் இறங்கி மீனை அள்ள ஆரம்பித்தாள். நானும் இறங்கினேன். இரண்டே மூட்டை போட்டபோது என் தோளுக்குத் தெரிந்ததை அன்றைக்கும் அவளிடம் நான் சொல்லவில்லை.