உப்பு பட்டால் வீங்கும் தாடை

முதலில் வீங்கியது உப்பளத்தில்தான். புதிதாக வாரிய உப்பில் ஒரு கல்லை எடுத்து வழக்கம்போல நாக்கில் வைத்தேன். இடது தாடைக்கு அடியில் சுருக்கென்று வலித்தது. தொட்டால், கோலிக்குண்டு போல ஒன்று திரண்டு நின்றது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். உப்புச் சுமந்து, குத்தகைக்குப் பாத்தி எடுத்து, சொந்த அளம் போட்டவன். உப்பில் கசப்பு ஏறியிருக்கிறதென்று என் நாக்கு சொன்னால் இந்தக் கரையில் மறுபேச்சு கிடையாது. அப்படிப்பட்டவன் ஒரு கட்டிக்குப் பயப்படலாமா? யாரிடமும் சொல்லாமல், நம் உப்புக்கு மிஞ்சிய மருந்தா என்று உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன். கொப்பளிக்கக் கொப்பளிக்க வீக்கம் ஏறியது. புற்றுநோய்தான் என்று முடிவு செய்துவிட்டேன். கண்ணாடி பார்ப்பதை நிறுத்தினேன். நாக்கில் உப்பு வைப்பதையும் நிறுத்தினேன்.

என் மனைவி பாக்கியம் கண்டுபிடித்துவிட்டாள். "ஊரெல்லாம் நாக்கப் பத்திப் பெரும பேசுவீய. கொழம்புக்கு உப்பு பாக்கச் சொன்னா ஓடுதீய. வாயத் தொறங்க!"

மில்லர்புரத்து டாக்டரம்மா என் நாக்கில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டார். கட்டி எழும்பியது. ஸ்கேன் எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, காதுக்கு முன்னால, தாடைக்கு அடியில, நாக்குக்கு அடியில, ரெண்டு பக்கமும் உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கு. சோத்தக் குழைச்சு உள்ள எறக்குறது, பல்லக் காக்குறது எல்லாம் அந்த எச்சிதான். உங்களுக்குத் தாடைச் சுரப்பியோட குழாயில கல் அடைச்சிருக்கு. உப்போ புளிப்போ பட்டா எச்சி ஊறும். போக வழியில்லாம வீங்கும்."

"அப்ப நான் கொப்பளிச்சது?"

"நீங்களே வீங்க வச்சிருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கல்லு மட்டும்தானாம்மா?" என்றேன்.

அவர் ஸ்கேன் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். "சுரப்பியே இறுகிக் கெடக்கு. அத எடுத்து பயாப்சிக்கு, அதான் சதையச் சோதிச்சுப் பாக்க, அனுப்புனாத்தான் தெரியும்."

கழுத்தைக் கீறி எடுத்தார்கள். முடிவு வரும்வரை நான் ஒழுங்காகத் தூங்கவில்லை.

"ஏளா, எனக்கு ஒண்ணு ஆயிட்டா அளத்த வித்துராத" என்றேன் பாக்கியத்திடம்.

"கழுத்தக் கீறுனதுல நரம்பு அசந்து ஒதடு கோணிக் கெடக்கு. அந்த வாய்க்கு இந்தப் பேச்சா? கஞ்சியக் குடிங்க." சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

புற்று இல்லை. நாள்பட்ட கல்லால் இறுகிய சுரப்பி, அவ்வளவுதான். உதடும் மெல்ல நேரானது. உங்களுக்கும் இப்படி வீங்கினால் என்னைப்போல ஒளித்துவைக்காதீர்கள். காட்டிவிடுங்கள்.

மறுபடி அளத்துக்குப் போனேன். உப்புக்கல்லை நாக்கில் வைத்தேன். முன்பு வைத்த கையோடு கரையும். இப்போது சுரப்பி போன இடப்பக்கம் மெதுவாகத்தான் நனைகிறது. உப்பு வாருகிறவர்கள் பலகையை ஊன்றிக்கொண்டு என் வாயையே பார்க்கிறார்கள். என் விரல் தானாகத் தாடைக்கடியில் போய் நிற்கிறது. வீங்கவில்லை என்று அது சொன்ன பிறகுதான் எனக்கு உப்பின் ருசி தெரிகிறது.