ஆறாவது முட்டு

வீடு கட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பாதி வீட்டை இடித்து மீதிப் பாதியை நிற்கவைக்கத் திருவண்ணாமலையில் அப்பாதுரையைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் திட்டிக்கொண்டேதான் வருவான். பொக்லைன் என்று பேச்செடுத்தால் அந்த வேலையே வேண்டாம் என்று எழுந்துவிடுவான். கட்டினவன் கடைசியில் வைத்த செங்கல்லை இவன் முதலில் எடுப்பான். மேலிருந்து கீழே, கையால். கீழ்பென்னாத்தூரில் எவனோ அவசரப்பட்டு அடிச்சுவரைக் குடைந்ததில் கூட வேலை செய்த மாறன் செத்தான். அன்றைக்கு ஏறின கோபம் பத்து வருஷமாக இறங்கவில்லை.

செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய வீடு. அண்ணன் தம்பி பாகம் பிரித்தது. நடுவில் ஒரே பொதுச்சுவர். அண்ணன் பலராமன் தன் பாதியை இடித்து, வாடகைக்கு ரூம் கட்டப் போகிறார். தம்பி பெண்சாதி உண்ணாமலை மறு பாதியில் குடியிருக்கிறாள். அவள் வீட்டு உத்திரங்களின் முனை அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருந்தது. அவளைக் கெஞ்சி, அதட்டி, கூடத்தில் சவுக்குக் கம்பத்தால் ஆறு முட்டுக் கொடுத்த பிறகுதான் அப்பாதுரை சுவரில் கை வைத்தான். சனிக்கிழமைக்குள் சுவரில் பாதிக் கனம் போய்விட்டது. மிச்சம் முட்டின் தயவில் நின்றது.

ஞாயிறு வேலை இல்லை. ஆனாலும் முட்டுக்கு அடியில் இறுக்கிய ஆப்பு தளர்ந்திருக்குமோ என்று பார்க்கப் போனான். வாசலில் பத்துப் பதினைந்து ஜோடிச் செருப்பு. கூடத்தில் ஜமக்காளம் விரித்து, உண்ணாமலையின் மகள் வினோதினியைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரி தின்றுகொண்டிருந்தார்கள். முட்டு ஒன்றுகூட இல்லை.

உண்ணாமலை ஓடிவந்து காதோடு சொன்னாள். "முட்டு வச்ச வீட்டுல பொண்ணு எடுப்பாங்களாண்ணா? ஒரு மணி நேரம்தான். அவங்க போனதும் வச்சிடறேன்."

"நீ வச்சிடுவியா? அது என்னம்மா, அடுப்புல ஏத்தி எறக்கற சட்டியா?"

செருப்போடு கூடத்துக்குள் போய் நின்றான். "எல்லாரும் தட்டை அப்படியே வச்சிட்டு வெளிய போங்க. ஓடாதீங்க. அந்தச் செவுத்துப் பக்கம் போவாதீங்க."

இவன் யார் என்று மாப்பிள்ளையின் மாமா முறைத்தார். அப்பாதுரை விரலை மேலே காட்டினான். உத்திர முனையிலிருந்து சுண்ணாம்புக் காரை மாவு சலித்த மாதிரி அவர் கேசரியில் விழுந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வினோதினிதான் அம்மாவைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு கடைசியாக வந்தாள்.

கொல்லையில் கிடந்த கம்பங்களை அவனே சுமந்துபோய், திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக நிறுத்தினான். ஐந்துதான் இருந்தது. ஆறாவது எங்கே என்று கேட்டான். உண்ணாமலையின் கண் வாசலுக்குப் போயிற்று. மாவிலைத் தோரணம் கட்ட அதை நட்டு வைத்திருந்தாள்.

பிடுங்கினான்.

"ஒண்ணும் விழலியே," என்று அழுதாள். "அதுக்குள்ள மானத்த வாங்கிட்டீங்களே."

"விழலன்னு வருத்தமா ஒனக்கு?"

ஆறாவது கம்பம் மாவிலையோடு உத்திரத்தின் கீழ் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் தெருவில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆப்பை இன்னும் இரண்டு அடி அடித்தான்.