சிப் அறையில் முகப்பவுடர்

போன வியாழக்கிழமை காலை என் மனைவி மெற்றில்டா வழக்கத்தைவிட அழகாக இருந்தாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டிருந்ததில் இதைக் கவனிக்கவில்லை.

நாங்கள் இருவரும் இங்கே இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில், ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறோம். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற சிப்பைச் செய்து பார்க்கும் இடம். அதில் தூசியே இருக்கக் கூடாத ஓர் அறை உண்டு. உள்ளே போவதென்றால் தலை முதல் கால் வரை வெள்ளை உடை, கண்ணும் புருவமும் மட்டும் வெளியே. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்கு விளங்கிய அளவில் — ஒரு பொட்டுத் தூசி விழுந்தால் சிப் செத்தது.

அன்று தீவின் மறுபக்கத்திலிருந்து இன்னொரு பல்கலைக்கழகத்தார் வந்தார்கள். பாதி வேலை அங்கே, மீதி இங்கே... இரண்டு கூடங்களும் சேர்ந்து செய்யும் முதல் சிலிக்கன் தட்டு. சரிவந்தால் ஒப்பந்தம். சரிவராவிட்டால்? அந்த அறையை மூடிவிடுவார்களாம். அறை இல்லையென்றால் எங்களுக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அட்டையைப் புதுப்பிக்க முடியாது. நாட்டில் இருக்கவே அனுமதி இல்லை. நித்திரை வருமா?

நாங்கள் கடைசித் துடைப்பில் இருந்தோம். விருந்தாளிப் பேராசிரியை அந்தத் தட்டு இருந்த பெட்டியோடு உள்ளே வந்தார். அதைத் திறக்கக்கூட இல்லை — தூசி எண்ணும் கருவி கத்தத் தொடங்கியது.

"உங்கள் பெட்டிதான்!" என்றார் எங்கள் பேராசிரியர்.

"உங்கள் அறைதான்!" என்றார் பேராசிரியை.

சிசிலிக்காரர் கை ஆட்டாமல் சண்டை பிடிப்பார்களா? கை ஆட ஆட, கருவி இன்னும் கத்தியது.

"இஞ்சரப்பா, ஏன் உது கத்துது?" என்றாள் மெற்றில்டா.

திரும்பினேன். அவள் புருவத்துக்கு மேலே வெள்ளையாக ஒரு கோடு.

"நீர் பவுடர் போட்டனீரே?"

"ஓம். பெரிய ஆக்கள் வருகினம் எண்டு கிழமை முழுக்கக் கதைச்சது ஆர்? எண்ணெய் வடியிற மூஞ்சியோடை நிக்கச் சொல்லுறியளோ?"

விசேஷத்துக்குப் பவுடர் இல்லாமல் கிளம்பிய ஆளை நம் ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்? ஆனால் சொன்னால் அவளுடைய வேலை போகும். சொல்லாவிட்டால் எல்லாமே போகும்.

"கொஞ்சம் பொறும்... யோசிப்பம்."

"நீங்கள் யோசிச்சு முடிய அந்த மனுசி பெட்டியோடை ரயில் ஏறிடும். விடுங்கோ, நான் கதைக்கிறன்."

போய்விட்டாள். தனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னாள்: "ஸிஞ்ஞோரா, பெட்டியும் இல்லை, அறையும் இல்லை. என் முகப்பவுடர்."

ஆடிக்கொண்டிருந்த கைகள் கீழே இறங்கின.

பேராசிரியை கண்ணாடிச் சுவரில் தன் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நானும்தான்... இன்றைக்கு ஒப்பந்தம் என்று..." என்றார்.

இரண்டு பெண்களும் ஒரே குழாயில் முகம் கழுவி, புது உடை மாட்டித் திரும்பினார்கள். கருவி வாயை மூடிக்கொண்டது. எங்கள் பேராசிரியர் சிரித்துக்கொண்டே கதவைப் பிடித்து நின்றார். தட்டு இயந்திரத்துக்குள் போனது. மாலையில் கையெழுத்தும் ஆயிற்று. மெற்றில்டாவின் வேலை? பத்திரம்.

யோசித்துப் பார்த்தேன். சேர்ந்து வேலை செய்யப் போகிற முதல் நாள் எல்லோருமே கொஞ்சம் பூசிக்கொண்டுதான் வருகிறோம். கழுவிய பிறகுதான் வேலை நடக்கிறது.

இப்போது வடக்கிலிருந்து மூன்றாவது பல்கலைக்கழகமும் சேரப்போகிறதாம். நல்ல செய்திதான்... ஆனால் அந்தப் பேராசிரியருக்கு நெஞ்சுவரை தாடியாமே!