விரால் விட்ட குட்டையில் கப்பிகள் ஆடுவதில்லை

மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டிய பாலகாட் குட்டையை உள்ளூர்த் தலைவர் ஒருவர் தன் பிறந்தநாளுக்காகக் கெடுத்துவிட்டார். இது தெரியாமல்தான் போன சனிக்கிழமை காலை பெங்களூரில் மாரிகுப்பம் பாசஞ்சர் ஏறினேன். டிக்கெட் முப்பது ரூபாய். இரண்டரை மணி நேரம். அதில் இருபது நிமிடம் பங்காரப்பேட்டையில் சும்மா நின்றது.

அழைத்தவள் ஜெனிபர், கல்லூரித் தோழி, ஆண்டர்சன்பேட்டைக்காரி. கப்பி மீன்கள் இணை சேர்வதைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறாள். தேர்வு முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் மறுபடி குட்டைக்குப் போகிறாள்; கடைசிக் கணக்கெடுப்புக்கு என்னையும் வரச் சொன்னாள்.

வழியில் கொரமண்டல் ஸ்டேஷனில் இறங்கினேன். அங்கிருந்து ஆட்டோ எண்பது ரூபாய், மூன்று கிலோமீட்டர்.

"இன்னாண்ணா, சைனைடு மேடா?" என்றார் டிரைவர். தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய அந்த மேட்டைத்தான் வெளியூர்க்காரர்கள் பார்க்க வருவார்கள்.

"மீன் பார்க்க."

"மீன் மார்க்கெட் அந்தப் பக்கம்ணா."

குட்டை என்பது கல் உடைத்த குழியில் தேங்கிய மழைத்தண்ணீர். கொசுப்புழு தின்ன யாரோ எப்போதோ விட்ட கப்பிகள் அதில் பெருகியிருந்தன. தின்ன வரும் மீன் இல்லாத இடத்தில் ஆண் கப்பி துடுப்பை விரித்து, உடலை வளைத்து, பெண்ணின் முன்னால் நடுங்கி ஆடும். பிடித்தால்தான் பெண் சம்மதிக்கும். பக்கத்தில் பேத்தமங்களா கால்வாயில் விரால் உண்டு. அங்கே ஆடினால் விராலின் கண்ணில் படும் என்பதால், ஆண் பின்னால் பதுங்கி வந்து பாய்ந்துவிடும். இரண்டையும் ஒப்பிடுவதுதான் ஜெனிபரின் ஆய்வு.

ஜெனிபரும் நானும் கரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தோம். ஒன்றுகூட ஆடவில்லை. எல்லாம் பாசிக்குள் ஒளிந்து, பின்னாலிருந்தே பாய்ந்தன. பிறகு ஒரு கறுத்த முதுகு மேலே வந்து போனது.

"விரால்டா," என்றாள் ஜெனிபர். "யாரு வுட்டது?"

துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா சொன்னார்: "போன மாசம் தலைவர் பொறந்த நாளும்மா. டிரம்மோட கொட்னாங்க, போட்டோ புடிச்சாங்க, பூட்டாங்க."

இந்த ஊரில் எதையும் யாரும் கொட்டலாம் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: ஆட்டம் பார்க்க இனி பாலகாட் போகாதீர்கள். கால்வாய் பார்க்க பேத்தமங்களாவுக்கு பஸ் உண்டு, இருபது ரூபாய். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்.

நாங்கள் நேரே தலைவர் வீட்டுக்குப் போனோம். கேட்டுக்கு உள்ளேயே நின்று பேசினார்.

"சும்மா கெடந்த தண்ணிம்மா அது. வெரால் வளந்தா ஏழைங்க புடிச்சித் துன்னுவாங்க. நீ இன்னா, மீனு லவ் பண்றத எண்ணவா படிச்ச?"

"ஆமா சார், அதுக்குத்தான் படிச்சேன். ரெண்டு வருஷம் போச்சு. வேற குட்டை கெடையாது."

அவர் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். ஜெனிபர் விடவில்லை.

"வுட்டவங்களே வலை போட்டு எடுங்க சார். என்னிக்கு எடுப்பீங்க, தேதி சொல்லுங்க."